தானே பற்றும் திரவம், தெரியாமல் நுழையும் வாயு



இந்த அறக்கட்டளையின் ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் டைபாஸ்பேன். இரண்டு பாஸ்பரஸ் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த நிறமற்ற திரவம் அது. ஒளி பட்டால் சிதையும், காற்று பட்டால் தீப்பெட்டி இல்லாமலே பற்றிக்கொள்ளும். எந்தக் கடையிலும் விற்பனைக்குக் கிடைக்காது. இப்படி நிலைத்து நிற்காத ஒரு பொருளைப் பற்றித் தூத்துக்குடியில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

இருக்கிறது. இதன் உடன்பிறப்பான பாஸ்பீன் வாயு இந்த ஊரின் கிடங்குகளிலும் கண்டெய்னர்களிலும் கப்பல் அறைகளிலும் அன்றாடம் புழங்குகிறது. டைபாஸ்பேன் வெளியே வந்தால் தீயாகவும் வெள்ளைப் புகையாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளும். தூய பாஸ்பீன் தன்னைக் காட்டிக்கொள்ளாது. பொருள் தானாகத் தராத எச்சரிக்கையை மனிதர்கள்தான் தர வேண்டும். அந்தக் கடமையைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். வேதியியல் அதற்கு வழிகாட்டும்.

நம் மாவட்டத்துப் பாஸ்பரஸ்

பாஸ்பரஸ் நமக்குப் புதிதல்ல. உர ஆலைகளுக்கான பாறைப் பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் நம் துறைமுகத்தில் இறங்குகின்றன. பிறகு டிஏபி மூட்டையாக வயலுக்குப் போகின்றன. அங்கே பாஸ்பரஸ் ஆக்சிஜனோடு பிணைந்து பாஸ்பேட்டாக இருக்கிறது. நம் எலும்பிலும் பல்லிலும் மரபணுவிலும் இருப்பது இதே பாஸ்பேட்தான். பாஸ்பரஸ் அமைதியாக இருக்கும் நிலை இது.

வடக்கே கோவில்பட்டிக்குப் போனால் தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸைப் பார்க்கலாம். குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். இரண்டும் உரசும்போதுதான் தீ பிறக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குச்சியின் தலையிலேயே வெள்ளைப் பாஸ்பரஸை வைத்தார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளின் தாடை எலும்பு அழுகியது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1906இல் பெர்ன் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவில் 1913இல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்யும் சட்டம் வந்தது. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் தீப்பெட்டித் தொழில் வேரூன்றுவதற்கு முன்பே அந்தத் தடை வந்துவிட்டதால் நம் பெண்களின் தாடைகள் தப்பின. தொழிலாளியின் உடம்பைக் காக்கச் சட்டம் முன்கூட்டியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

ஆக்சிஜனோடு சேர்ந்த பாஸ்பரஸ் அடங்கிக் கிடக்கிறது. ஹைட்ரஜனோடு சேர்ந்தால் கதை வேறு. அந்த ஹைட்ரஜனை உதறிவிட்டு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள அது எப்போதும் தயாராக நிற்கும். நிலையாமைக்கு வேர் அதுதான்.

தெனார் கண்ட திரவம்

1783இல் பிரான்ஸில் ஜான்ஜாம்பர் என்ற வேதியியலர் பாஸ்பரஸைப் பொட்டாஷ் காரத்தோடு சூடாக்கினார். குமிழ் குமிழாக ஒரு வாயு வந்தது. ஒவ்வொரு குமிழும் நீரின் மேற்பரப்பில் உடைந்த நொடியிலேயே தீப்பற்றி, வெள்ளைப் புகை வளையமாக மேலே எழுந்தது. பாஸ்பீன் என்ற வாயு இப்படித்தான் அறிமுகமாயிற்று. ஆனால் பாஸ்பரஸ் அமிலத்தைச் சூடாக்கி 1812இல் ஹம்ப்ரி டேவி உண்டாக்கிய வாயுவோ தானாகத் தீப்பற்றவில்லை. இரண்டும் ஒரே வாயுதானா? ஒன்று எரிவதும் மற்றொன்று சும்மா இருப்பதும் எப்படி? வேதியியலர்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலைக்கழித்த கேள்வி இது.

விடை கண்டவர் பால் தெனார். ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டறிந்த லூயி ழாக் தெனாரின் மகன். 1840களில் அவர் செய்த சோதனையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கால்சியம் பாஸ்பைடை நீரில் இட்டார். வெளிவந்த வாயுவைக் கடுங்குளிரில் வைத்த ஒரு குழாயின் வழியே செலுத்தினார். குழாயின் உட்சுவரில் நிறமற்ற திரவம் ஒன்று துளித்துளியாகச் சேர்ந்தது. குழாயைத் தாண்டி வெளியே வந்த வாயு காற்றில் பட்டும் எரியவில்லை. அந்தத் திரவத்தின் ஆவியைச் சிறிதளவு திரும்பக் கலந்ததும் பழையபடி தானாக எரிந்தது. பற்றவைத்தது பாஸ்பீன் அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த திரவம் என்பது உறுதியாயிற்று. அதுவே டைபாஸ்பேன்.

அது உறைவது பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 99 பாகையில், கொதிப்பது ஏறத்தாழ 63 பாகையில். ஆனால் கொதிக்கும்வரை அது பொறுத்திருப்பதில்லை. அதற்கு முன்பே பாஸ்பீனாகவும் மஞ்சள் நிறத் திண்மமாகவும் பிரிந்துபோகும். நைட்ரஜன் குடும்பத்தில் இதற்கு இணையானது ஹைட்ரசீன். செயற்கைக்கோள்களைத் திசைதிருப்பும் சிறு எஞ்சின்களுக்கு எரிபொருளாவது அது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழுந்துவரும் இம்மாவட்டத்தின் மாணவர்களுக்கு அந்தப் பெயர் இனிப் பழக்கமாகிவிடும்.

கடலில் எரிந்த விளக்கு

தானே எரியும் இந்தக் குணத்தை மாலுமிகள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலில் ஹோம்ஸ் முன்னறிவிப்பு என்று ஒரு சிறு பத்தி வருவதை மாணவர்கள் படித்திருப்பீர்கள். கால்சியம் பாஸ்பைடும் கால்சியம் கார்பைடும் அடைத்த ஒரு தகர டப்பாவில் துளையிட்டு, உயிர்காப்பு மிதவையோடு கடலில் எறிவார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே ஏறியதும் பாஸ்பைடிலிருந்து பாஸ்பீனும் கார்பைடிலிருந்து அசிட்டிலீனும் கிளம்பும். பாஸ்பீனோடு கலந்துவரும் டைபாஸ்பேன் காற்றில் பட்டுத் தீ மூட்டும், அந்தத் தீயில் அசிட்டிலீன் பிரகாசமாக எரியும். மற்ற விளக்குகளை அணைக்கும் தண்ணீரே இந்த விளக்கை ஏற்றியது. இரவில் கப்பலிலிருந்து தவறி விழுந்தவன் இருக்கும் இடத்தை அந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்தது.

கவனியுங்கள். இங்கே மனித உயிரைக் காத்தது வாயுவில் இருந்த கலப்புத்தான். பாஸ்பீன் தூய்மையாக இருந்திருந்தால் அந்த விளக்கு எரிந்திருக்காது.

கொள்ளிவாய்ப் பிசாசு

நம் கிராமத்துப் பெரியவர்கள் சதுப்பு நிலத்திலும் இடுகாட்டிலும் இரவில் நெருப்பு உலவுவதைப் பார்த்ததாகச் சொல்வார்கள். கொள்ளிவாய்ப் பிசாசு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மூடநம்பிக்கையை எதிர்த்த மேடைகளில், அது பேய் அல்ல, மீத்தேன் வாயு எரிகிறது என்று விளக்கம் சொன்னார்கள். நோக்கம் நல்லது, விளக்கம்தான் போதவில்லை. மீத்தேன் தானாகப் பற்றாது, யாராவது பற்றவைக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் டைபாஸ்பேனைத் துணைக்கு அழைத்தார்கள். அழுகும் உடலிலிருந்து பாஸ்பீனும் டைபாஸ்பேனும் கிளம்பி மீத்தேனைக் கொளுத்துகின்றன என்பது அந்த ஊகம்.

ஊகத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1988இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் பாஸ்பீன் வெளியாவதை அளந்து காட்டினார்கள். பிறகு சேற்றிலும் வண்டலிலும் மிகச் சிறு அளவுகளில் அது கண்டறியப்பட்டது. எதிர்வாதமும் உண்டு. பாஸ்பீன் எரிந்தால் சுடும், அடர்ந்த வெள்ளைப் புகை எழும். நேரில் கண்டவர்கள் வர்ணித்ததோ சூடில்லாத, புகையில்லாத மங்கிய ஒளி. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆலன் மில்ஸ் 1980 வாக்கில் அந்தக் குளிர்ந்த ஒளியை ஆய்வகத்தில் உண்டாக்க முயன்றார், முடியவில்லை. ஆகவே இந்த விளக்கம் இன்னும் நிரூபணமாகவில்லை. பேயை விரட்டிவிட்டு அந்த இடத்தில் அரைகுறைச் சூத்திரம் ஒன்றை உட்காரவைப்பதை அறிவியல் மனப்பான்மை என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று நிச்சயம். நம் முன்னோர் ஆபத்தில்லாத ஒரு வெளிச்சத்தைக் கண்டு ஊரே கூடி அஞ்சினார்கள். நாமோ வெளிச்சமே இல்லாத ஓர் ஆபத்துக்குள் அச்சமின்றி நுழைகிறோம்.

மூன்று கிராம் மாத்திரை

ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக் கொட்டையும், பல நாடுகளிலிருந்து மரத்தடிகளும் தூத்துக்குடிக்கு வருகின்றன. இங்கிருந்து நிலவாகை போன்ற உலர் மூலிகைகள் வெளிநாடு போகின்றன. இவற்றோடு வண்டும் அந்துப்பூச்சியும் சேர்ந்து பயணம் செய்யும். ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவும், குடோனில் சரக்கு உளுத்துப்போகக் கூடாது என்பதற்காகவும் புகைமூட்டம் போடுகிறார்கள். முன்பு இதற்கு மெத்தில் புரோமைடு அதிகம் பயன்பட்டது. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகள் 2005இலும் வளரும் நாடுகள் 2015இலும் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. தாவர நோய்த்தடுப்புக்கும் ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சைக்கும் மட்டும் விலக்கு உண்டு. மற்ற இடங்களில் சுமை பாஸ்பீன் மேல் விழுந்தது.

பாஸ்பீன் இங்கே மாத்திரையாக வருகிறது. ஒரு மாத்திரையின் எடை மூன்று கிராம், அதில் 56 சதவீதம் அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அது மெல்லச் சிதைந்து ஏறத்தாழ ஒரு கிராம் பாஸ்பீனை வெளியிடும். மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் பைகளை வரிசையாகக் கிடத்தி, ஒரு டன்னுக்கு மூன்று மாத்திரை என்ற கணக்கில் தட்டுகளில் பரப்பி உள்ளே தள்ளுவார்கள். ஏழு நாள் வரை அடைத்து வைப்பார்கள். வாயு மூட்டைக்குள் புகுந்து, மணிக்குள் துளைத்திருக்கும் புழுவரை போகும். முடிவில் சாம்பல் நிறத் தூள் மட்டும் மிஞ்சும்.

மாத்திரையைப் பரப்பி வைக்க வேண்டும், குவிக்கக் கூடாது. குவித்தால் சூடு ஏறும். வாயு காற்றில் 1.8 சதவீதத்தைத் தாண்டினால் வெடிக்கும். மழைத் தண்ணீரோ ஈரத் தார்ப்பாயோ பட்டு ஒரே நேரத்தில் வாயு கிளம்பினால் நாம் பார்த்த அந்த டைபாஸ்பேனும் சேர்ந்து தீ மூட்டக்கூடும். இதைத் தணிக்கவே மாத்திரை செய்பவர்கள் அம்மோனியம் கார்பமேட் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அதிலிருந்து வரும் கரியமில வாயு தீயை அடக்கும், அம்மோனியா மூக்கைச் சுள்ளென்று தாக்கி எச்சரிக்கும்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. அம்மோனியா வாடை முதலில் போய்விடும், பாஸ்பீன் பின்னால் தங்கும். வாடை அடங்கிவிட்டது என்று உள்ளே போகிறவர் பாஸ்பீனுக்குள் போகிறார். தூய பாஸ்பீனுக்கு வாடை கிடையாது. நாம் முகரும் பூண்டு வாடையும் அழுகிய மீன் வாடையும் அதிலுள்ள கலப்புகளால் வருபவை. தானியம் அந்தக் கலப்புகளை உறிஞ்சிக்கொண்டால் வாடை மறையும், நஞ்சு மட்டும் மிஞ்சும். இன்னொன்றையும் யோசியுங்கள். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு அழுகிய மீன் வாடை எந்த விதத்தில் எச்சரிக்கை ஆகும்? வாடையை நம்பிப் பாதுகாப்புத் தேடுவது எந்த ஊரிலும் தவறு, இந்த ஊரில் பெருந்தவறு.

சமையல் வாயுவுக்கும் இயற்கையில் வாடை இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டனைக் கலந்து சிலிண்டரில் அடைக்கிறார்கள். வீட்டுப் பெண்கள் மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறப்பது அந்த ஏற்பாட்டால்தான். கப்பல் அறையில் இறங்கும் சுமைதூக்கும் தொழிலாளிக்கு அப்படி நம்பத்தக்க ஏற்பாடு எதுவும் இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகள் வகுத்திருக்கும் எல்லை காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.3 பங்கு பாஸ்பீன். 50 பங்கு என்றால் உடனடி உயிராபத்து. காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் மூடிய அறையின் அடிப்பகுதியில் தங்கக்கூடியது. சுவாசித்தவருக்கு முதலில் தலைவலி, குமட்டல், வாந்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் வரும். மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கத் தோன்றும். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் நேரலாம். இதயத் தசையும் பாதிக்கப்படும். முறிமருந்து கிடையாது. எத்தனை சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், டாக்டரிடம் என்ன சொல்கிறோம் என்பதில் உயிர் நிற்கிறது.

1980இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு தானியக் கப்பலின் கதை வெளிவந்தது. கப்பலில் இருந்த 31 மாலுமிகளில் 29 பேரும் இரண்டு குழந்தைகளும் நோயுற்றார்கள். ஒரு குழந்தை இறந்தது. காரணம் சரக்கறையில் போட்ட புகைமூட்டத்திலிருந்து பரவிய பாஸ்பீன். குடும்பத்தோடு கப்பலில் இருந்த அந்தக் குழந்தைக்குச் சரக்கோடு எந்தத் தொடர்பும் இல்லை. சுவர் இருந்தால் போதும், வாயு நின்றுவிடும் என்ற நம்பிக்கையை உடைத்த நிகழ்ச்சி அது. வீடுகளில் மூட்டைப் பூச்சிக்கும் எலிக்கும் இந்த மாத்திரையை வைத்து, அடுத்த வீட்டில் உறங்கியவர்கள் உயிரிழந்த செய்திகளையும் பார்த்திருக்கிறோம். இந்தியச் சட்டப்படி அலுமினியம் பாஸ்பைடை அரசு அமைப்புகளும் நிபுணர் மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே பயன்படுத்தலாம். பத்தும் இருபதும் மாத்திரைகள் அடங்கிய குழாய்ப் பொதிகளுக்கு 2001இல் முழுத் தடையும் வந்தது. ஆகவே வீட்டு அரிசிப் பானைக்கு இந்த மாத்திரை ஒருபோதும் கூடாது.

கசிவு செய்யும் இரட்டைக் கேடு

தார்ப்பாயில் ஓட்டை இருந்தால் வாயு வெளியேறித் தொழிலாளியைத் தாக்கும். அதே நேரம் உள்ளே அளவு குறைவதால் வண்டுகள் முழுதாகச் சாகாமல் வலிமையானவை பிழைக்கும். பிழைத்தவை குஞ்சு பொரிக்கும். உலக உணவு வேளாண்மை அமைப்பு 1972-73இல் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், சோதித்த பூச்சிக் கூட்டங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று அப்போதே பாஸ்பீனைத் தாங்கும் சக்தி பெற்றிருந்தது. 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையில், இந்தச் சக்திக்குக் காரணமான ஒரு மரபணு அடையாளம் காணப்பட்டது. உயிரணுவில் ஆற்றலை உண்டாக்கும் வேலையோடு தொடர்புள்ள நொதியின் மரபணு அது.

கிடங்குகளில் மெத்தில் புரோமைடைக் கைவிட்ட நமக்குப் பாஸ்பீனுக்கு எளிய மாற்று இல்லை. ஓட்டைத் தார்ப்பாயைப் பயன்படுத்திச் சிக்கனம் செய்வதாக நினைப்பவர் தொழிலாளியின் நுரையீரலையும் நாட்டின் தானியத்தையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். தொழிலாளர் பாதுகாப்பும் உணவுப் பாதுகாப்பும் ஒரே தார்ப்பாயில் தொங்குகின்றன.

கயிறு பிடிப்பவர்

இந்தக் கரைக்குப் பாதுகாப்பை வெளியூரார் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. கொற்கைக் காலம் தொட்டு முத்துக் குளித்த கரை இது. 1961இல் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு வரை, கல்லைக் காலில் கட்டி இறங்கியவருக்கு மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்திருந்தார். அவருக்கு வேறு வேலை கிடையாது. கீழே இருப்பவர் கயிற்றை அசைத்த நொடியில் இழுக்க வேண்டும். அக்கா தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்போடு இழுப்பான் என்பதால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று சங்கு குளிப்பவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மூடிய அறைக்குள் ஆள் இறங்கும்போது வெளியே ஒருவர் கண்கொட்டாமல் நிற்க வேண்டும் என்று இன்றைய பாதுகாப்பு விதிகள் சொல்வதும் இதைத்தான். வாயு அளவி இல்லாமல், வெளியே ஆள் இல்லாமல் ஒருவரைப் புகைமூட்டம் போட்ட அறைக்குள் அனுப்புவது, கயிறு இல்லாமல் ஆழ்கடலில் இறக்குவதற்குச் சமம். நம் பாட்டன்மார் அதை ஒருபோதும் செய்திருக்க மாட்டார்கள்.

என் வேண்டுகோள்

மேடையை விட்டு இறங்குமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

குடோன் உரிமையாளர்களுக்கும் கப்பல் முகவர்களுக்கும்: புகைமூட்டம் போட்ட ஒவ்வொரு கதவிலும் மண்டையோட்டுக் குறியோடு அறிவிப்பு வையுங்கள். என்ன மருந்து, எந்த நாள் போட்டது, எந்த நாள் திறக்கலாம் என்பதைத் தமிழிலும் இந்தியிலும், வேலை செய்பவர் பேசும் எந்த மொழியிலும் எழுதுங்கள். கதவைத் திறந்து காற்றாடவிட்ட பிறகு அளவியால் அளந்து, அந்த எண்ணையும் நேரத்தையும் பலகையில் எழுதிய பிறகே ஆளை உள்ளே விடுங்கள். வண்டியோடு வரும் கண்டெய்னர் ஒவ்வொன்றும் புகைமூட்டம் போட்டதுதான் என்று எண்ணியே திறங்கள்.

தொழிலாளர் நண்பர்களுக்கு: அளவியில் காட்டிய எண் என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. எண்ணைச் சொல்லாமல் உள்ளே போகச் சொன்னால் போக வேண்டாம். தலைவலியோ வாந்தியோ வந்தால் சோடா குடித்துப் படுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், புகைமூட்டம் போட்ட இடத்தில் வேலை செய்தேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தோழர் உள்ளே மயங்கி விழுந்தால் வெறும் முகத்தோடு பின்னாலேயே பாயாதீர்கள். சுவாசக் கருவி அணிந்தவரை அழையுங்கள்.

வேதியியல் மாணவர்களுக்கு: ஹோம்ஸ் முன்னறிவிப்புப் பத்தியைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். கல்லூரி வாயிலிலிருந்து சில கிலோமீட்டரில் அந்தப் பாடம் நடக்கிறது. ஒரு வாயு அளவியை வாங்கி, இயக்கக் கற்று, சங்கத்துத் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இந்த அறக்கட்டளையின் பணத்தில் அடுத்த ஆண்டு ஒரு பரிசு வழங்குவதானால் அந்த வேலைக்கு வழங்குங்கள் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

தீக்குச்சித் தொழிலாளியின் தாடையைக் காக்க 1913இல் ஒரு சட்டம் போதுமானதாக இருந்தது. துறைமுகத் தொழிலாளியின் மூச்சைக் காக்கச் சட்டமும் விதியும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கதவுக்குக் கதவு நிறைவேற்றுவது மட்டுமே பாக்கி. அதை நாம் செய்ய வேண்டும், இந்த ஆண்டே செய்ய வேண்டும்.